1884ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர்

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் கிடைத்த 1884ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில், மதுரை ஜில்லாவில் நஞ்சை நிலத்தை விற்றவராக உங்கள் முன்னோரில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. "காலஞ்சென்ற இன்னார் பெண்சாதி" என்று எழுதியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குச் சொத்துரிமையே கிடையாது என்று படித்திருக்கிறேனே, பிறகு இவர் எப்படி விற்றார், வெள்ளைக்காரர் சட்டம் வந்ததால் கிடைத்த உரிமையா என்று கேட்கிறீர்கள். பத்திரத்துக்கு மட்டும் பதில் சொன்னால் நான்கு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தக் காலத்துச் சட்டம் பெண்ணை ஓர் ஆளாகக் கணக்கில் வைத்ததா இல்லையா என்பதை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் சிவில் வழக்குகளில், அதிலும் நிலப் பட்டா, பாகப்பிரிவினை, மூலப்பத்திரம் பார்த்துக் கருத்துச் சொல்வது போன்ற வேலைகளில், பல காலம் இருந்தவன். வரலாற்று ஆய்வாளன் அல்ல. எனவே நான் சொல்வது பெரும்பாலும் தீர்ப்புகளிலிருந்தும் பத்திரங்களிலிருந்தும் தெரியும் விஷயம். உங்கள் பத்திரம் மதுரைப் பக்கத்தது என்பதால் சென்னை மாகாணத்தை வைத்தே பேசுகிறேன்.

முதலில் நேரான பதில். அன்றைய சென்னை மாகாணத்தில் பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வாங்கலாம், வழக்குப் போடலாம், அவள் மீதும் வழக்குப் போடலாம். "உரிமையே கிடையாது" என்பது தவறு. ஆனால் ஆணுக்கு இருந்த உரிமை அவளுக்கும் இருந்தது என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய தவறு. சொத்து யாரிடமிருந்து, எந்த வழியில் அவள் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அதை அவள் என்ன செய்யலாம் என்பது முடிவானது. ஒரே பெண் ஒரு வயலுக்கு முழுச் சொந்தக்காரியாகவும், பக்கத்து வயலை வெறுமனே ஆண்டு அனுபவித்துவிட்டுப் போகவேண்டியவளாகவும் இருக்கலாம். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல.

பெண்ணுக்குச் சொத்தே கிடையாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து. அங்கே பொதுச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை கிடையாது. கணவனும் மனைவியும் சட்டத்தில் ஒரே ஆள், அந்த ஆள் கணவன். அவளுடைய நகை, பணம், சம்பாத்தியம் எல்லாம் அவனுடையது. அவள் தனியாக ஒப்பந்தம் செய்ய முடியாது. பணக்காரக் குடும்பங்கள் மகள் பேரில் அறக்கட்டளை மாதிரி ஏற்பாடு செய்து, சான்சரி நீதிமன்றத்தின் துணையோடு இதிலிருந்து தப்பித்தன. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836இல் கணவரைப் பிரிந்தபோது பிள்ளைகளைப் பார்க்கவே அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. எழுதிச் சம்பாதித்த பணத்தையும் கணவர் தனக்கே சொந்தம் என்றார், சட்டமும் அதைத்தான் சொன்னது. அவர் விடாமல் போராடியதன் பலனாக 1839இல், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி தாய் மனுப் போடலாம் என்று ஒரு சட்டம் வந்தது. மனைவியின் கூலி அவளுக்கே என்று 1870இலும், அவள் சொத்து முழுவதும் அவளுக்கே என்று 1882இலும்தான் அங்கே சட்டமானது. அதாவது உங்கள் பத்திரம் எழுதப்படுவதற்கு இரண்டே வருஷத்துக்கு முன்னால்!

ஆக, சொத்துரிமையை இங்கிலாந்து இங்கே கொண்டுவந்து கொடுத்தது என்ற கதை நிற்காது. தன் நாட்டுப் பெண்ணுக்கே அப்போதுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்காக, நம்மவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் இடமில்லை. மேலே படியுங்கள்.

இங்கே எந்தச் சட்டம் நடந்தது? 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் போட்ட ஏற்பாட்டின்படி, கல்யாணம், வாரிசு, சாதி வழக்கம் போன்றவற்றில் இந்துக்களுக்குச் சாஸ்திரம், முஸ்லிம்களுக்குக் குர்ஆன். அந்த முறை பிறகு சென்னைக்கும் வந்தது. நீதிபதிக்குச் சமஸ்கிருதம் தெரியாது, எனவே பண்டிதர்களை நியமித்து அவர்கள் கருத்தைக் கேட்டுத் தீர்ப்பெழுதினார்கள். மிதாக்ஷரம் என்ற சமஸ்கிருதச் சட்ட நூலின் வாரிசுப் பகுதியைக் கோல்புரூக் என்ற ஆங்கிலேயர் 1810இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகு பண்டிதரின் தேவை குறைந்தது. 1864இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முந்தைய தீர்ப்பே சட்டம். மதுரைப் பக்கம் வேலை பார்த்த நெல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, மறவரும் கள்ளரும் வெள்ளாளரும் கேள்வியே படாத சமஸ்கிருத நூல்களை அவர்கள் தலையில் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுகிறது என்று 1877இல் ஒரு புத்தகமே எழுதிச் சண்டை போட்டார். நீதிமன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நியாயம் என்பது என் அபிப்பிராயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தீர்ப்புகள் புரியும்.

ஸ்திரீதனம் பற்றி முதலில். கல்யாணத்தின்போதும் பிறகும் தாய்வீட்டாரும் உறவினரும் அன்பாகக் கொடுத்த நகை, பாத்திரம், நிலம் எல்லாம் இதில் வரும். நம் பக்கம் பெண்ணுக்கு மஞ்சள்காணி என்று நிலம் எழுதிவைப்பார்களே, அதுவும் இதில் சேர்ந்ததுதான். இதற்கு அவள் முழுச் சொந்தக்காரி. விற்கலாம், தானம் செய்யலாம். கணவன் கடன்காரன் அதன் மீது கை வைக்க முடியாது. பஞ்சம், நோய், சிறை போன்ற இக்கட்டில் மட்டும் கணவன் எடுத்துக்கொள்ளலாம் என்று சாஸ்திரம் இடம் கொடுத்தது. அப்படி எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அவன் மனம் வைத்தால்தான் உண்டு. அவள் இறந்தால் இந்தச் சொத்து பொதுவாக முதலில் மகள்களுக்குப் போகும், மகன்களுக்கு அல்ல. ஆனால் உழைத்துச் சம்பாதித்ததும் வெளியார் கொடுத்ததும் வேறு வகை. கணவன் உயிரோடு இருக்கும்வரை அவன் சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்க முடியாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய பெண்ணின் கூலிக்கு இதுதான் சட்டம்.

அடுத்து விதவையின் சொத்து. உங்கள் பத்திரம் அநேகமாக இங்கேதான் வரும், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குடும்பம் பிரிவினையாகாத கூட்டுக் குடும்பம் என்றால், கணவன் இறந்ததும் அவன் பங்கு அண்ணன் தம்பிகளிடமே நின்றுவிடும். விதவைக்கு ஜீவனாம்சமும் குடியிருக்க இடமும் மட்டும்தான். கணவன் பாகம் பிரித்துக்கொண்டவன் அல்லது சொத்து அவனே சம்பாதித்தது, ஆண் பிள்ளையும் இல்லை என்றால், சொத்து விதவைக்கு வரும். வந்தாலும் முழுதாக வராது. வருமானம் அவளுடையது, அதை எப்படிச் செலவழித்தாள் என்று யாரும் கேட்க முடியாது. நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால் மட்டும் சட்டம் ஒப்புக்கொள்ளும் அவசியம் இருக்க வேண்டும்: கணவன் வைத்துவிட்டுப் போன கடன், அவன் கருமாதி, மகள் கல்யாணம், சர்க்கார் கிஸ்தி இப்படி. அவள் இறந்ததும் சொத்து அவளுடைய வாரிசுகளுக்குப் போகாது. கணவன் அன்றைக்குத்தான் இறந்தது போல வைத்து, அவனுடைய நெருங்கிய வாரிசைத் தேடுவார்கள். வாரிசே இல்லாமல் போய்ச் சொத்து சர்க்காருக்கு வந்தால்கூட, அவசியமில்லாமல் அவள் விற்றதைச் சர்க்கார் எதிர்க்கலாம் என்று மசூலிப்பட்டணத்து வழக்கொன்றில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1861இல் சொல்லிவிட்டது. மகளுக்கும் இதே கதிதான். தந்தையிடமிருந்து மகளுக்கு வரும் சொத்தும் அவள் ஆயுள்வரைதான் என்று 1878இல் தீர்ப்பானது. பம்பாய்ப் பக்கம் மட்டும் மகளுக்கு முழு உரிமை கொடுத்தார்கள். அங்கே மூல நூலுக்கு வேறு பொருள் கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏட்டில் இருந்த சட்டம் மட்டுமல்ல என்பதற்குச் சிவகங்கையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1803இல் கம்பெனியிடம் சன்னது என்ற உரிமைப் பத்திரம் வாங்கிய ஜமீன்தார் கௌரி வல்லப உடையத் தேவர் 1829இல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மனைவிகளும் மகள்களும் இருந்தார்கள். நாங்கள் பிரியாத குடும்பம், எனவே ஜமீன் எங்களுக்கே என்று அண்ணன் வழிப் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் நடத்தினார். ஜமீன்தார் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆனபின், 1863இல், லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: குடும்பம் பிரியாததாகவே இருக்கட்டும், ஜமீன் அவருடைய சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்தது, சுயார்ஜிதத்தில் விதவைக்கும் அவளுக்குப் பின் மகளுக்கும்தான் முதல் உரிமை, பங்காளிக்கு அல்ல. ஜமீன் காத்தம நாச்சியாருக்கு வந்தது. தென்னிந்தியாவில் பெண் வாரிசு உரிமை பற்றிப் பேசும் எந்த வழக்கறிஞரும் இந்த வழக்கைத் தொடாமல் போக முடியாது.

பலரும் இதோடு கதையை நிறுத்திப் பெண்ணுரிமை வென்றது என்று எழுதுவார்கள். பின்கதை இருக்கிறது. காத்தம நாச்சியார் இறந்ததும் அவருடைய மகன் ஜமீனைக் கேட்டார். அதுவும் பிரிவி கவுன்சில்வரை போனது. 1881இல் வந்த பதில்: அவர் ஆண்டு அனுபவித்தது ஆயுள்கால உரிமை மட்டும், இப்போது தேட வேண்டியது அவருடைய வாரிசை அல்ல, அவருடைய தந்தையின் வாரிசை. அத்தனை வருஷம் நீதிமன்றத்தில் போராடி ஜமீனை மீட்ட பெண்ணால் அதைத் தன் மகனுக்கென்று விட்டுப்போக முடியவில்லை. விதவை, மகள் ஆகியோரின் சொத்துரிமை எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பதை இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

ராமநாதபுரம் இன்னொரு கோணம். அங்கே ராஜா 1830இல் இறந்தார். விதவை ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847இல் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். கணவர் அனுமதி கொடுக்காமல் இறந்ததால் சுவீகாரம் செல்லாது என்றது சர்க்கார் தரப்பு. வாரிசு இல்லாவிட்டால் சமஸ்தானம் சர்க்காருக்குப் போகும், எனவே கலெக்டருக்கு அதில் அக்கறை இருந்ததில் ஆச்சரியமில்லை. 1868இல் பிரிவி கவுன்சில், திராவிட தேசத்தில் கணவரின் சுற்றத்தார் சம்மதித்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்றது. அதோடு, நன்றாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தையும் மிஞ்சும் என்று ஒரு வாக்கியம் எழுதியது. இன்றும் மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் அது. வங்காளத்தில் கணவன் உயிரோடிருக்கும்போதே அனுமதி கொடுத்திருக்க வேண்டும், பம்பாயில் பெரும்பாலும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நம் ஊர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆனால் சுவீகாரம் எடுத்த அந்தக் கணமே சொத்து விதவையின் கையைவிட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். தனக்கு மேலே ஒரு எஜமானனைத் தானே நியமித்துக்கொள்ளும் அதிகாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மறுமணச் சட்டத்தில்தான் சட்டம் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. 1856இல் விதவை மறுமணம் செல்லும் என்று சட்டம் வந்தது, அதற்காகப் போராடிய ஈஸ்வர சந்திர வித்யாசாகர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவு, மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தில் அவளுக்கு உள்ள உரிமை, அவள் இறந்துவிட்டது போல, போய்விடும் என்றது. மறுமணமே அறியாத உயர்சாதிப் பெண்ணுக்கு இது ஒரு பேரம். ஆனால் நம் பக்கத்தில் பல சாதிகளில் அறுத்துக்கட்டும் வழக்கம் முன்பே இருந்தது. அவர்களுக்கு இந்தச் சட்டமே தேவையில்லை. அவர்கள் மறுமணம் செய்தாலும் சொத்துப் போகுமா? அலகாபாத் உயர் நீதிமன்றம் போகாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 1877இல் ஒரு மறவர் சாதிப் பெண்ணின் வழக்கில் போகும் என்று தீர்த்தது. இதற்கு மூன்று வருஷம் கழித்து, அஸ்ஸாமிலிருந்து போன வழக்கில், சொத்தை ஒருமுறை அடைந்த விதவை பிறகு நடத்தை தவறினாலும் சொத்து போகாது என்று பிரிவி கவுன்சில் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்யாணம் செய்யாமல் ஒருவனோடு இருந்தால் நிலம் நிலைக்கும், ஊரறியத் தாலி கட்டிக்கொண்டால் நிலம் போய்விடும்.

இதுவரை சொத்து. உடம்பு விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. கணவனோடு சேர்ந்து வாழும்படி மனைவிக்கு உத்தரவிடும் வழக்கு இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. சாஸ்திரத்தில் மனைவியின் கடமை என்று எவ்வளவோ இருக்கலாம்; சேர்ந்து வாழ மறுத்தால் சிறை என்பது இங்கே இறக்குமதியான சரக்கு. பம்பாயில் ருக்மாபாய் வழக்கு இதற்குச் சாட்சி. பதினொரு வயதில் கல்யாணமாகி, கணவன் வீட்டுக்கே போகாமல் வளர்ந்தவர். 1884இல் கணவர் வழக்குப் போட்டார். 1885இல் நீதிபதி பின்ஹே தள்ளுபடி செய்தார், மேல்முறையீட்டில் அது மாறியது. 1887 மார்ச்சில் கணவனிடம் போ அல்லது ஆறு மாதம் சிறைக்குப் போ என்று உத்தரவானது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து விவகாரம் தீர்ந்தது. பிறகு லண்டன் போய் மருத்துவராகித் திரும்பினார். வேடிக்கை என்னவென்றால், மறுக்கும் மனைவியைச் சிறையில் போடுவதை இங்கிலாந்து 1884இலேயே நிறுத்திவிட்டது. தாய்வீட்டில் கைவிட்டதை இங்கே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவு, சிறை இல்லாமல், இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது.

வயது பற்றி ஒரு வரி. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் மனைவியாகவே இருந்தாலும் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவளோடு உடலுறவு கொண்டால் குற்றம் என்றது. கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி இறந்த பிறகு, பெரும் எதிர்ப்புக்கு நடுவே, 1891இல் அது பன்னிரண்டானது. பிறன்மனை சேர்வதைக் குற்றமாக்கிய அதே சட்டத்தின் 497ஆம் பிரிவு ஆணை மட்டும் தண்டித்தது, புகார் கொடுக்கும் உரிமையும் கணவனுக்கு மட்டும். பெண்ணைக் காப்பாற்றுவதுபோலத் தெரியும். உண்மையில் ஒருவன் உடைமையில் இன்னொருவன் கை வைத்த குற்றம். 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, தந்தை உயிரோடு இருந்து தகுதியற்றவர் இல்லையென்றால் வேறு யாரையும் கார்டியனாக நியமிக்கக் கூடாது என்று 1890ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. மைனர் மனைவிக்குக் கணவனே கார்டியன்.

இந்து அல்லாதவர்களுக்கு வேறு கணக்கு. முஸ்லிம் பெண்ணுக்கு வரும் பங்கு ஆணின் பங்கைவிடச் சிறியது, மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. ஆனால் வந்தது முழுதாக அவளுடையது, ஆயுள்கால உரிமை என்ற பேச்சே இல்லை. மஹர், அதாவது கல்யாணத்தில் கணவன் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை, பாக்கி இருந்தால் அது தீரும்வரை, தன் வசம் வந்த கணவன் சொத்தை விதவை விடாமல் வைத்திருக்கலாம். கிறிஸ்தவர்களுக்கு 1865ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணத்தால் ஒருவர் சொத்து இன்னொருவருக்குப் போகாது என்றும் அதில் ஒரு பிரிவு. ஆக, பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு 1866இல் கிடைத்தது லண்டனில் இருந்தவளுக்கு 1882வரை கிடைக்கவில்லை. விவாகரத்தில் மட்டும் பழைய பாரபட்சம் அப்படியே வந்தது: 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதும், மனைவிக்கு அதோடு கொடுமையோ கைவிடலோ சேர்ந்திருக்க வேண்டும்.

மாகாணத்திலேயே வேறு உலகங்களும் இருந்தன. மலபாரில் மருமக்கத்தாயம், சொத்து தாய்வழியில் போகும். ஆனாலும் நிர்வாகம் காரணவர் என்ற மூத்த ஆண் கையில்தான். அங்கே சம்பந்தம் என்ற ஆண் பெண் உறவு முறையைச் சட்டம் கல்யாணமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. 1896இல் பதிவு செய்துகொள்ள வழி செய்தார்கள், பதிவு செய்தவர்கள் மிகச் சிலர். கோயில் தாசிகளுக்குத் தனி வழக்கம்: சொத்து பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும், பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுக்கலாம். அதைப் பம்பாய் நீதிமன்றம் செல்லாது என்றது, சென்னை நீதிமன்றம் வழக்கத்தை ஒப்புக்கொண்டது. ஒரே காலத்தில் மைனர் பெண்ணைக் கோயில் தாசியாகப் பொட்டுக்கட்டினால் தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்கும் பாய்ந்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற தமிழர் வழக்கச் சட்டப்படி சீதனம் பெண்ணின் சொத்து, ஆனால் கல்யாணமானவள் நிலத்தை விற்கக் கணவன் சம்மதம் வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவான சட்டங்கள் சில பெண் ஆண் என்று பிரிக்கவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வயது வந்தவர், புத்தி சுவாதீனம் உள்ளவர் என்று மட்டும்தான் கேட்கிறது. சாட்சியச் சட்டமும் அப்படியே. கைவிடப்பட்ட மனைவி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு மாதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் ஜீவனாம்சம் வாங்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. சொத்தே இல்லாத ஏழைப் பெண்ணுக்கு, மேலே சொன்ன பிரிவி கவுன்சில் தீர்ப்புகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு பிரிவு அதிகம் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். பெண் என்ற காரணத்தால் வக்கீல் தொழிலிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வருவதற்கு 1923 ஆக வேண்டியிருந்தது.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்கு உரியது? சட்டமும் தீர்ப்பும் உறுதி, யாரும் எடுத்துப் படிக்கலாம். வெள்ளைக்கார நீதிமன்றங்கள் பெண்ணின் நிலையை மேலே கொண்டுவந்தனவா, கீழே தள்ளினவா என்பது விவாதம். சாதிக்கு ஒன்றாக இருந்த வழக்கங்களை ஒரே சாஸ்திரச் சட்டத்துக்குள் அடைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, மறுமணத் தீர்ப்பே போதும். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சாதிப் பெண்கள் நன்றாக இருந்தார்கள் என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஊர்ப் பஞ்சாயத்து விதவைக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. தீர்ப்புத் தொகுப்புகளில் நாம் பார்ப்பது ஜமீனும் பெரிய நிலமும் உள்ளவர்களை. அரைக் காணி வைத்திருந்தவள் மைத்துனனோடு லண்டன்வரை வழக்காடியிருக்க மாட்டாள். அவளுக்குச் சட்டத்தில் என்ன இருந்தது என்பது ஒன்று, கைக்கு என்ன வந்தது என்பது வேறு.

இனி உங்கள் பத்திரம். அதைப் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில், சொத்து அவருக்கு எப்படிப் பாத்தியம் என்று எழுதியிருக்கும் வரி. மஞ்சள்காணி என்றோ, தகப்பனார் தானமாகக் கொடுத்தது என்றோ, தன் சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கியது என்றோ இருந்தால், விற்க அவருக்கு யார் தயவும் தேவையில்லை. "என் புருஷன் காலத்துக்குப் பின் என் அனுபவத்தில் இருந்து வருகிற" என்கிற மாதிரி இருந்தால் அது ஆயுள்கால உரிமை. அப்படியானால் எதற்காக விற்றார் என்ற காரணம் கட்டாயம் எழுதியிருக்கும்: இன்னாருக்குப் புருஷன் எழுதிக்கொடுத்த புரோநோட்டுக் கடன், மகள் கல்யாணச் செலவு என்று. வாங்குகிறவர்கள் அதில் மிகவும் கவனமாக இருந்தார்கள், ஏனென்றால் பிற்காலத்தில் பங்காளி வழக்குப் போட்டால் அவசியம் இருந்தது, அல்லது நல்லெண்ணத்தோடு விசாரித்துத்தான் வாங்கினோம் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அடியில் சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள். கணவர் வழிப் பங்காளிகள் சாட்சி போட்டிருந்தால், அவர்கள் எதிர்ப்பில்லை என்பதைக் காட்ட வாங்கிய கையெழுத்தாக அது இருக்கலாம். நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள கிரயத்துக்குப் பதிவு கட்டாயம், எனவே பின்பக்கத்தில் சப்-ரிஜிஸ்திரார் முன் அவர் ஆஜரானாரா, இல்லை வெளியார் முன் வராத கோஷா பெண் என்று வீட்டுக்கே வந்து பதிந்தார்களா என்பதும் தெரியும்.

பத்திரம் இன்றைக்குச் செல்லுமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். அவசியமில்லாமல் விற்றிருந்தால்கூட, அவர் இறந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குள் கணவர் வழி வாரிசுகள் நிலத்தைக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் ஆயுள்கால உரிமையை முழு உரிமையாக்கியது என்று சிலர் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அன்றைக்குச் சொத்து பெண்ணின் வசம் இருந்திருக்க வேண்டும். 1884இல் விற்றுவிட்ட நிலத்துக்கு அது பொருந்தாது. பத்திரத்தில் பாத்தியம் சொல்லும் வரியையும் காரணம் சொல்லும் வரியையும், பெயர்களை விட்டுவிட்டு, எழுதி அனுப்புங்கள். எந்த வகை என்று சொல்லிவிடலாம்.